கூட்டமாக நடுங்கள்: வண்ண மக்காச்சோளம் வளர்க்கப் புதிதாக வருகிறவர்களுக்கு

கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டி, "ஐயா, இந்த விதை எங்கே கிடைக்கும்?" என்று கேட்டு வருகிறவர்கள் ஆண்டுக்கு ஆண்டு கூடிக்கொண்டே இருக்கிறார்கள். ஊதா, நீலம், இளஞ்சிவப்பு, பொன்மஞ்சள் என்று மணிமணியாக மின்னும் மக்காச்சோளக் கதிர்தான் அந்தப் படம். வருகிறவர்களில் பாதிப்பேர் மொட்டை மாடியில் பத்துப் பதினைந்து தொட்டி வைத்திருப்பவர்கள். மீதிப்பேருக்கு வீட்டின் பின்னால் அரை சென்ட், ஒரு சென்ட் காலி இடம் இருக்கும். ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலிக்கிறது. ஆகவே எண் போட்டு எழுதிவிடுகிறேன். எந்த வரிசையில் வேண்டுமானாலும் படியுங்கள். முதல் மூன்றைப் படிக்காமல் மட்டும் விதை வாங்காதீர்கள்.

1. படத்தில் இருப்பது என்னவென்று தெரிந்துகொண்டு ஆசைப்படுங்கள். அந்தக் கதிருக்குக் கிளாஸ் ஜெம் என்று பெயர். அமெரிக்காவின் ஒக்லஹோமா மாநிலத்தில் கார்ல் பார்ன்ஸ் என்ற விவசாயி தேர்ந்தெடுத்துத் தேர்ந்தெடுத்து உருவாக்கியது. செரோக்கீ பழங்குடி வழிவந்தவர் அவர். முன்னோர் பயிரிட்ட பழைய மக்காச்சோளங்களைத் தேடிப் பிடித்து வளர்த்தார். ஒவ்வோர் அறுவடையிலும் நிறம் எடுப்பாக இருந்த மணிகளை ஒதுக்கி, அவற்றையே மறுபடி விதைத்தார். கிரெக் ஷோன் என்ற நண்பருக்கு அந்த விதை போயிற்று. பிறகு அரிசோனாவில் டூசான் நகரத்திலுள்ள நேட்டிவ் சீட்ஸ் சர்ச் என்ற விதைக் காப்பகத்துக்கு வந்து சேர்ந்தது. 2012இல் அதன் புகைப்படம் ஒன்று இணையத்தில் உலகம் சுற்றியது. பார்ன்ஸ் 2016இல் காலமானார்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், அந்த நிறம் ஒரு மனிதர் பல்லாண்டுகள் பொறுக்கிச் சேர்த்தது. பொறுக்குவதை விட்டால் சில தலைமுறைகளில் கலைந்துபோகும். விதை வாங்கிப் போட்டதும் படத்தில் கண்ட அதே கதிர் வரும் என்று எதிர்பார்ப்பவர்கள் ஏமாறுவார்கள். அதில் ஒரு கதிரைப்போல இன்னொன்று இருக்காது. பல கதிர்கள் வெறும் மஞ்சளும் பழுப்புமாகக்கூட வரும்.

2. ஒரு பட்டத்துக்கு ஒரே ஒரு ரகம். இதில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை. கத்தரி என்றால் நான்கு ரகத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்கலாம், பெரிய கேடு வராது. மக்காச்சோளம் காற்றில் மகரந்தம் பறக்கும் பயிர். இரண்டு ரகத்தை ஒரே நேரத்தில் பூக்க விட்டால் அடுத்த பட்டத்துக்கு உங்களிடம் இரண்டும் இருக்காது.

எந்த ரகம் என்பதை நிறத்தை வைத்து முடிவு செய்யாமல், எப்படிச் சாப்பிடப் போகிறீர்கள் என்பதை வைத்து முடிவு செய்யுங்கள். மாவுச்சோளம் மென்மையாக அரைபடும். அடைக்கும் ரொட்டிக்கும் ஏற்றது. கல்போல் இறுகிய மணியுடைய ரகம் ரவைக்கும் கஞ்சிக்கும். சிறுமணி ரகங்கள் பொரிக்கு. கிளாஸ் ஜெம்கூடப் பொரிச்சோள வகைதான். பொரித்தால் உள்ளே வெள்ளைதான் வரும், நிறமெல்லாம் பொரியின் அடியில் ஒட்டிய தோலோடு நின்றுவிடும். நிறம் காரணமாக வாங்கி, பொரியைப் பார்த்து முகம் சுளித்தவர்கள் உண்டு.

நம் ஊர் விதைத் திருவிழாக்களில் சிவப்பும் கருப்பும் பலநிறமுமாக மக்காச்சோளம் இப்போது கண்ணில் படுகிறது. விற்பவரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். எத்தனை செடியிலிருந்து எடுத்த விதை? பக்கத்தில் வேறு மக்காச்சோளம் நின்றதா? எந்தப் பட்டத்து அறுவடை? "நாட்டு விதைங்க, சுத்தமானதுங்க" என்பது இந்த மூன்றுக்கும் பதில் ஆகாது.

வெளிநாட்டிலிருந்து உறவினர் பையில் நான்கு விதை போட்டுக்கொண்டு வருவதும், உறையில் வைத்து அஞ்சலில் அனுப்புவதும் வேண்டாம். தாவரத் தனிமைப்படுத்தல் விதிகள் நடைமுறையில் இருக்கின்றன. விதையோடு வரும் நோய் பக்கத்து ஊர் விவசாயியின் நான்கு ஏக்கரையும் சேர்த்துப் பதம் பார்க்கும். தவிர, இந்தியாவுக்குள்ளேயே நிறத்துக்குப் பஞ்சமில்லை. வடகிழக்கு மலைகளில் வெள்ளை, சிவப்பு, ஊதா மணி ரகங்கள் இன்னும் வீட்டுத் தோட்டங்களில் இருக்கின்றன. சிக்கிமின் பழைய பொரிச்சோளம் ஒன்று, ஒரே செடியில் ஐந்து முதல் ஒன்பது கதிர் வரை தள்ளும்.

3. வரிசையாக நடாதீர்கள், கட்டமாக நடுங்கள். வேலியோரம் ஒரே வரிசையாக இருபது செடி வைப்பதுதான் புதிதாக வருகிறவர்கள் செய்வது. கதிர் வரும், உரித்தால் பொக்கை வாயாகப் பாதி மணிதான் இருக்கும்.

காரணம் இதுதான். ஆண்பூ உச்சியில் கொண்டையாக இருக்கிறது. பெண்பூ இடுப்பளவில் கதிராக இருக்கிறது. கதிர் நுனியில் தொங்கும் ஒவ்வொரு பட்டிழையும் உள்ளே ஒரே ஒரு மணியோடு சேர்ந்தது. ஐந்நூறு மணி வேண்டுமென்றால் ஐந்நூறு இழைகளிலும் தனித்தனியாக மகரந்தம் விழ வேண்டும். ஒரு கொண்டை பல லட்சம் மகரந்தத் துகள்களை உதிர்க்கிறது. ஆனால் துகள் கனமானது, பெரும்பகுதி அதிக தூரம் போகாமல் விழுந்துவிடும். ஒற்றை வரிசையில் காற்று குறுக்கே அடித்தால் மகரந்தமெல்லாம் பக்கத்து வீட்டுத் துணிக்கொடியில்.

பத்து அடிக்குப் பத்து அடி இடம் இருக்கிறதா? வரிசைக்கு வரிசை இரண்டடி, செடிக்குச் செடி ஓரடி விட்டால் ஐம்பது செடிக்குக் குறையாமல் நிற்கும். குறைந்தது நான்கு வரிசை, அதைவிடக் கூடினால் நல்லது. நீளமாக இருபது அடி இருப்பதைவிடச் சதுரமாகப் பத்தடி இருப்பது மேல்.

மாடித்தோட்டக்காரர்களுக்கு ஒளிக்காமல் சொல்கிறேன். பத்துப் பையில் பத்துச் செடி வைத்து, கையால் மகரந்தம் தட்டினால் கதிர் பார்க்கலாம், பிள்ளைகளுக்குக் காட்டலாம், படம் எடுக்கலாம். விதை காக்க முடியாது. அதற்குக் கூட்டம் வேண்டும். காரணத்தைப் பத்தாவதில் சொல்கிறேன்.

4. பூக்கும் நாளைக் கணக்குப் பார்த்து விதையுங்கள். எந்த நாளில் விதைக்கலாம் என்று கேட்பவர்களிடம், எந்த நாளில் கொண்டை விரிய வேண்டும் என்று நான் திருப்பிக் கேட்பேன். விதைத்த ஐம்பது முதல் அறுபது நாளில் பூக்கும். வெயில் 38 டிகிரியைத் தாண்டினால் மகரந்தம் செத்துப்போகும், பட்டிழையும் காய்ந்துவிடும். கொட்டும் மழையில் மகரந்தம் நனைந்து பயனற்றுப் போகும்.

ஆடிப்பட்டத்தில் போட்டால் புரட்டாசியில் பூக்கும், பெரும்பாலும் நன்றாகவே மணி கட்டும். ஆனால் கதிர் முற்றும் நேரம் வடகிழக்கு மழை பிடித்துக்கொள்ளும். கதிருக்குள் பூஞ்சை ஏறிவிட்டால் விதையும் போயிற்று, சாப்பாடும் போயிற்று. ஆகையால் ஆடிப்பட்டத்தைப் பச்சைக் கதிர் சுட்டுத் தின்ன வைத்துக்கொள்ளுங்கள். விதைக்கு வேண்டுமென்றால் பொங்கல் முடிந்த கையோடு தை முதல் வாரத்தில் போடுங்கள். வெயில் உச்சிக்குப் போகுமுன் பங்குனித் தொடக்கத்தில் பூத்துவிடும், சித்திரை வெயிலில் கதிர் நின்றபடியே காயும். தண்ணீர் வசதி உள்ளவர்களுக்கே இது சரிப்படும். தை கடைசியில், மாசியில் போடுகிறவர்கள் வெயிலோடு சூதாடுகிறார்கள்.

குளிர்நாட்டு ரகம் இங்கே என்ன ஆகும் என்று கேட்பீர்கள். வட அமெரிக்காவின் நீண்ட கோடைப் பகலுக்குப் பழகியது நம் குறுகிய பகலில் அவசரமாக, இடுப்பளவு வளருமுன் பூத்துவிடும், கதிர் சிறுத்திருக்கும். ஆண்டீஸ் மலையுச்சி ரகங்கள் நம் வெயிலைத் தாங்காது. கொடைக்கானல்காரர்கள் வேண்டுமானால் முயலலாம்.

5. மண்ணைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மக்காச்சோளம் பெருந்தீனிக்காரப் பயிர். மக்கிய தொழுவுரமோ மண்புழு உரமோ தாராளமாகப் போடுங்கள். முந்தின பட்டத்தில் தட்டப்பயறோ உளுந்தோ நின்ற இடம் என்றால் இன்னும் நல்லது. விதையை இரண்டு அங்குல ஆழத்தில், குழிக்கு இரண்டாகப் போட்டு, முளைத்தபின் வீரியமுள்ளதை விட்டு மற்றதைக் கிள்ளுங்கள். அரிசோனாவின் ஹோப்பி மக்கள் வறண்ட மணலில் ஓரடி ஆழம் வரைகூட விதையைப் புதைக்கிறார்கள்; அவர்களுடைய நீலச்சோளத்தின் முளைத்தண்டு அத்தனை தூரம் நீண்டு மேலே வரும். ஈரம் அடியில்தான் இருக்கிறது என்பதால் வந்த பழக்கம் அது. நம் வண்டல் மண்ணிலும் களிமண்ணிலும் அதைச் செய்து பார்த்தால் விதை அழுகும்.

முளைத்த முதல் பத்து நாள் மயிலுக்கும் மைனாவுக்கும் காவல் இருங்கள், அல்லது வலை கட்டுங்கள். 25ஆம் நாளை ஒட்டி மண் அணையுங்கள். கணுவிலிருந்து இறங்கும் தாங்குவேர் பிடித்துக்கொள்ளும், காற்றில் செடி சாயாது. பழைய ரகங்கள் எட்டடி, பத்தடிகூட உயரும். அடியில் கிளைக்கும் பக்கச்சிம்பை ஒடிக்கச் சொல்வார்கள், ஒடிக்காதீர்கள். இளம்பயிரில் தண்ணீர் தேங்கக்கூடாது. கொண்டை வெளிவரும் நாளிலிருந்து மணி பால் பிடிக்கும் வரை தண்ணீர் தப்பக்கூடாது. பஞ்சகவ்யம் வைத்திருப்பவர்கள் பத்து லிட்டர் தண்ணீருக்கு 300 மில்லி கலந்து தெளிக்கலாம். இடையில் பூசணி படரவிட்டால் களை அடங்கும். பயறு ஏற்றிவிட ஆசைப்பட்டால் தட்டப்பயறு போதும். பந்தல் அவரை செடியையே இழுத்துச் சாய்த்துவிடும்.

6. படைப்புழுவுக்குத் தினமும் பத்து நிமிடம் ஒதுக்க முடியாவிட்டால் மக்காச்சோளமே வைக்காதீர்கள். அமெரிக்கக் கண்டத்துப் புழு இது. 2016இல் ஆப்பிரிக்காவில் தென்பட்டது. 2018இல் கர்நாடகத்தில் கண்டார்கள், அதே ஆண்டு தமிழ்நாட்டின் மக்காச்சோள வயல்களைச் சூறையாடிவிட்டது. அதற்கு முன் மக்காச்சோளத்தைப்போல ஏமாற்றாத பயிர் இல்லை என்று சொல்லித் திரிந்தோம்.

தலையில் கவிழ்த்து வைத்த ஆங்கில ஒய் எழுத்துக் குறியும், வால்பக்கம் சதுரமாக நான்கு கரும்புள்ளியும் இருந்தால் அதுதான். இலையில் பச்சையம் சுரண்டப்பட்டுக் கண்ணாடிபோல் வெள்ளைத் திட்டு தெரிந்தால் குஞ்சுப்புழு வந்துவிட்டது என்று பொருள். குருத்துக்குள் மரத்தூள்போல எச்சம் கிடந்தால் பெரிய புழு உள்ளே உட்கார்ந்திருக்கிறது. இலையில் மயிர் போர்த்திய முட்டைக் குவியல் கண்ணில் பட்டால் விரலால் நசுக்குங்கள். ஒரு குவியலில் நூறு, இருநூறு முட்டை இருக்கும். அந்த ஒரு நசுக்கலுக்கு ஈடான மருந்து கடையில் இல்லை.

வீட்டுத் தோட்டத்துக்குக் கைதான் முதல் கருவி. அடுத்தது மணல். ஒன்பது பங்கு மணலோடு ஒரு பங்கு சுண்ணாம்பைக் கலந்து, ஒவ்வொரு குருத்திலும் ஒரு சிட்டிகை போடுங்கள். முதல் மாதத்துக்குள் செய்தால் நன்றாக வேலை செய்கிறது. வேப்பங்கொட்டைத் தூளை லிட்டருக்கு 50 கிராம் வீதம் இரவு ஊறவைத்து வடிகட்டி, மாலை நேரத்தில் குருத்துக்குள் இறங்கும்படி தெளியுங்கள். காலையில் இலைமேல் அடித்துவிட்டு மருந்து பிடிக்கவில்லை என்று குறை சொல்வதில் பயனில்லை. புழு இருப்பது குருத்துக்குள், வெளியே வருவது இருட்டில்.

7. நிறம் எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். இதற்கு மட்டும் கொஞ்சம் பொறுமை வேண்டும். தெரிந்துகொண்டால் கதிரைப் பார்த்தே அது எங்கெங்கே கலந்தது என்று படித்துவிடலாம்.

ஒரு மணியில் மூன்று இடங்களில் நிறம் இருக்கலாம். மேல்தோல் ஒன்று. தோலுக்கு அடியில் மெல்லிய படலம் ஒன்று. நடுவில் மாவு. நீலமும் ஊதாவும் பெரும்பாலும் படலத்தில் இருக்கின்றன. மஞ்சளும் வெள்ளையும் மாவின் நிறம். செங்கல் சிவப்பு தோலில் ஏறுவது.

தோல் தாய்ச்செடியின் உடம்பு. ஆகவே செந்தோல் ரகத்தில் ஒரு கதிரின் எல்லா மணியும் ஒரே சிவப்பாகத்தான் இருக்கும். எந்த ஊர் மகரந்தம் வந்து விழுந்தாலும் அந்த ஆண்டு வெளியே தெரியாது. அடுத்த பட்டத்தில் விதைத்தபின்தான் குட்டு வெளிப்படும். படலமும் மாவும் அப்படியல்ல. தாய் இரண்டு பங்கு, மகரந்தம் ஒரு பங்கு சேர்ந்து அந்த மணியிலேயே உருவாகின்றன. ஆகவே பக்கத்துச் செடியின் நிறம் அதே ஆண்டில், அதே கதிரில், மணி மணியாகத் தெரியும். பெரும்பாலான செடிகொடிகளில் இப்படி நடப்பதில்லை. கலப்பு மகரந்தம் விழுந்ததால் மாங்காயின் சுவை அந்த ஆண்டே மாறுவதில்லை. ஒரே கதிரில் பல நிறம் என்ற அதிசயத்தின் அடிப்படை இவ்வளவுதான்: ஒவ்வொரு மணிக்கும் மகரந்தத் துகள் வேறு.

இதிலிருந்து தோட்டத்துக்கு என்ன கிடைக்கிறது? வெள்ளை ரகம் வைத்தீர்கள். நடுவே வெளிர்மஞ்சள் மணிகள் தெரிகின்றன. எங்கிருந்தோ வீரிய ஒட்டுரக மகரந்தம் வந்துவிட்டது. மஞ்சள் வெள்ளையை மீறும் குணம், ஒளியாது. அந்த மணிகளைப் பொறுக்கிச் சமையலுக்குத் தள்ளிவிடலாம். நீல ரகத்தில் அவ்வளவு எளிதில் பிடிபடாது. நீலப் படலத்தின் அடியில் மஞ்சள் மாவு ஒளிந்துகொண்டு, மணி சற்றே பச்சை பாய்ந்ததுபோல் இருக்கும். மெக்சிகோவின் ஒஹாகா வட்டாரத்துப் பச்சைச் சோளத்தின் நிறமே இப்படிப்பட்டதுதான். பலநிற ரகத்தில் கலப்பைக் கண்டுபிடிக்கவே முடியாது. புதிதாக வந்த மஞ்சளும் திருவிழாக் கூட்டத்தோடு கூட்டமாக நின்றுவிடும். ஆகவே விதை காக்கும் எண்ணம் இருந்தால் ஒற்றை நிறத்தில் தொடங்குங்கள், வெள்ளை என்றால் இன்னும் நல்லது. வண்ணச்சோளம் கேட்டு வந்தவர்களிடம் வெள்ளையைக் கொடுக்கிறாரே என்று சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

சில மணிகளில் மை தெறித்ததுபோலப் புள்ளியும் கோடும் இருக்கும். நோய் என்று வீசிவிடாதீர்கள். பார்பரா மக்ளின்டாக் என்ற அமெரிக்க விஞ்ஞானி அந்தப் புள்ளிகளைத்தான் பல்லாண்டுகள் உற்றுப் பார்த்தார். மரபணுக்களில் சில இடம்விட்டு இடம் தாவுகின்றன, தாவும்போது நிறத்தை அணைத்தும் ஏற்றியும் விளையாடுகின்றன என்று கண்டார். 1950களில் அவர் சொன்னபோது காதுகொடுத்தவர்கள் குறைவு. 1983இல், 81 வயதில் நோபல் பரிசு வந்தது.

8. பக்கத்தில் யார் என்ன விதைத்திருக்கிறார்கள் என்று போய்ப் பாருங்கள். வணிக வயல்களிலுள்ள ஒட்டுரகத்துக்கும் உங்கள் பாத்திக்கும் இடையே 200 மீட்டராவது வேண்டும். 400 இருந்தால் நிம்மதி. தூரம் கிடைக்காவிட்டால் காலத்தால் விலகுங்கள். பக்கத்து வயல்காரர் விதைத்து மூன்று நான்கு வாரம் கழித்து நீங்கள் விதைத்தால், அவர் கொண்டை உதிர்ந்த பிறகுதான் உங்கள் பட்டிழை வரும். அவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்வதில் வெட்கம் வேண்டாம். அவர் இனிப்புச்சோளம் வைத்திருந்தால் உங்களால் அவருக்கும் நட்டம் உண்டு. உங்கள் மகரந்தம் விழுந்த மணிகளில் இனிப்பு போய் மாவாகிவிடும். செஞ்சோளம், வெள்ளைச்சோளம், கம்பு பக்கத்தில் நின்றால் கவலை வேண்டாம். அவை வேறு இனம், மக்காச்சோளத்தோடு சேராது.

9. தூரமும் இல்லை, காலமும் இல்லை என்றால் உறை போடுங்கள். பட்டிழை எட்டிப் பார்க்குமுன்பே இளங்கதிரைக் காகித உறையால் மூடிவிட வேண்டும். ஓர் இழை வெளியே வந்துவிட்டாலும் அந்தக் கதிர் விதைக்கு ஆகாது. இழை வளர்ந்ததும், மகரந்தம் தூவுவதற்கு முதல்நாள் மாலை உறையை எடுத்து, நுனியை நறுக்கி, உடனே மூடுங்கள். அதே மாலை கொண்டைகளுக்கும் காகிதப் பை கட்டுங்கள். வெளியிலிருந்து வந்து கொண்டையில் ஒட்டிய மகரந்தம் இரவுக்குள் உயிரிழந்துவிடும். மறுநாள் பனி காய்ந்தபின், ஒன்பதிலிருந்து பதினொரு மணிக்குள் கொண்டையைத் தட்டுங்கள். பல செடிகளின் மஞ்சள் தூளை ஒன்றாகச் சேர்த்துக் கதிர்களில் தூவி மறுபடி மூடுங்கள். ஒரு செடியின் தூளை அதே செடியின் கதிரில் போடக்கூடாது. பிளாஸ்டிக் பை உள்ளே வியர்க்கும், மகரந்தம் கட்டியாகும். பழுப்புக் காகிதம் போதும்.

10. அழகான ஒரு கதிரிலிருந்து மட்டும் விதை எடுக்காதீர்கள். இந்தப் பயிரில் புதியவர்கள் செய்யும் கேடுகளில் பெரியது இதுதான். தக்காளிக்கு ஒரு பழம் போதும். மக்காச்சோளம் கூட்டத்தால் வாழும் பயிர். நான்கைந்து செடிகளிலிருந்தே விதை எடுத்துத் திரும்பத் திரும்பப் போட்டால், ஒரு வீட்டுக்குள்ளேயே பெண் கொடுத்துப் பெண் எடுப்பது போலாகிவிடும். சில பட்டங்களில் செடி குட்டையாகும், கதிர் சிறுக்கும், பாதி விதை முளைக்காது. "நாட்டு ரகத்தில் விளைச்சலே இல்லை" என்று பழியை விதையின்மேல் போடுவார்கள். நூறு செடிக்குக் குறையாமல் நின்று, அவற்றில் பெரும்பாலானவற்றிலிருந்து விதை எடுத்தால்தான் ஒரு ரகம் உயிரோடிருக்கும்.

உங்கள் பாத்தியில் ஐம்பதுதான் நிற்கும் என்றால் நண்பர் ஒருவரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அதே ரகம், அவர் வீட்டில் ஐம்பது. அறுவடையில் விதையைக் கலந்து பாதிப் பாதியாக எடுத்துக்கொள்ளுங்கள். நான்கு வீடு சேர்ந்தால் இன்னும் நல்லது. மெக்சிகோவின் பல்சாஸ் ஆற்றுப் பள்ளத்தாக்கில் காட்டுப்புல்லொன்றை ஏறத்தாழ 9,000 ஆண்டுகளுக்கு முன் பயிராக்கத் தொடங்கிய நாளிலிருந்து ஊர் ஊராகச் சேர்ந்துதான் இதைக் காத்திருக்கிறார்கள். தனி ஆளால் காக்க முடிந்த பயிர் இல்லை இது.

பொறுக்கும்போது ஒவ்வொரு கதிரிலிருந்தும் ஏறத்தாழ ஒரே எண்ணிக்கையில் மணி எடுங்கள். நடுப்பகுதி மணியே போதும், நுனியும் அடியும் சமையலுக்கு. நிறத்தை மட்டும் பார்க்காமல் செடியையும் பாருங்கள். சாயாமல் நின்றதா? புழுவைத் தாங்கியதா? கதிரின் தோல் நுனிவரை இறுக மூடியிருந்ததா? நுனி திறந்த கதிரில் வண்டும் மழைநீரும் வயலிலேயே இறங்கிவிடும். நிற்கும் செடியில் துணி கட்டி அடையாளம் வையுங்கள், களத்துக்கு வந்தபின் எந்தக் கதிர் எந்தச் செடியுடையது என்று யாருக்கும் தெரியாது.

11. பொறுமையாக அறுங்கள். தோல் வெளுத்துக் காய்ந்து, மணியைக் கிள்ளிப் பார்த்தால் அடிமுனையில் கரும்படலம் தெரிய வேண்டும். அதற்குமேல் செடியிலிருந்து மணிக்கு ஒன்றும் போகாது. அறுத்த கதிரின் தோலைப் பின்னுக்கு உரித்து, இரண்டிரண்டாக முடிந்து, நிழலில் காற்றோட்டமாகத் தொங்கவிடுங்கள். எலிக்கு எட்டாத கொடியாக இருக்கட்டும். கிளி அதற்கு முன்பே பங்கு எடுத்திருக்கும். அதை முழுதாகத் தடுக்க ஒரு வழியும் இல்லை.

சுத்தியலால் தட்டினால் மணி நசுங்காமல் உடைய வேண்டும், அதுதான் காய்ந்த பதம். பிறகு உதிர்த்து, சாம்பலோ காய்ந்த வேப்பிலையோ நொச்சியிலையோ கலந்து காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். நன்றாகக் காய்ந்த விதையை இறுக மூடிச் சில நாள் உறைபெட்டியில் வைத்து எடுத்தால் வண்டின் முட்டையும் சாகும். ஈரம் உள்ள விதையை அங்கே வைத்தால் முளை சாகும். பெயர், பட்டம், எத்தனை செடியின் விதை என்ற மூன்றையும் டப்பாவில் எழுதி ஒட்டுங்கள். நம் ஈரக்காற்றில் வெளியில் வைத்த விதையின் முளைப்பு இரண்டாம் ஆண்டே இறங்கத் தொடங்கும்.

12. சாப்பிடுங்கள். வண்ணச்சோளத்தைக் கண்ணாடிக் குடுவையில் போட்டு வரவேற்பறையில் வைக்கிறவர்கள் இரண்டாம் பட்டம் விதைப்பதில்லை. கடையில் விற்கும் இனிப்புச்சோளச் சுவையை இதில் தேடாதீர்கள்; பால் பிடித்த பருவத்தில் சுட்டுத் தின்னலாம், அப்போது நிறம் முழுதாக ஏறியிருக்காது. முற்றியதை உடைத்தால் ரவை, கஞ்சி; அரைத்தால் அடை. சிவப்பு ரகத்து மாவைச் சலித்தால் நிறம் தவிட்டோடு போய்விடும், சலிக்காமல் பயன்படுத்துங்கள். நீல மாவில் எலுமிச்சைச் சாறு ஊற்றினால் இளஞ்சிவப்பாக மாறும், சுண்ணாம்புநீர் பட்டால் பச்சை கலந்த நீலமாகும். பிள்ளைகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

மெக்சிகோவில் மணியின் எடையில் நூற்றில் ஒரு பங்கு சுண்ணாம்பு சேர்த்து வேகவைத்து, இரவு முழுக்க ஊறவிட்டு, கழுவி அரைக்கிறார்கள். ஹோப்பி மக்கள் பிக்கி என்னும் காகிதம்போன்ற நீல அப்பத்துக்குச் சாம்பல் சேர்க்கிறார்கள். மணிக்குள் பூட்டிக்கிடக்கும் நியாசின் என்ற உயிர்ச்சத்தை இந்தக் காரம்தான் விடுவிக்கிறது. ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவின் தென்மாநிலங்களுக்கும் மக்காச்சோளம் போய்ச் சேர்ந்தது, இந்தச் செய்முறை போகவில்லை. மக்காச்சோளத்தையே நம்பி வாழ்ந்த ஏழைகள் பெல்லாக்ரா நோயில் மடிந்தார்கள். சோறும் பருப்பும் காய்கறியும் உண்ணும் நமக்கு அந்த அச்சம் இல்லை. ஊதாச்சோளம் தின்றால் சர்க்கரை நோய் தீரும் என்று விற்கிறவர்களிடம் மட்டும் கொஞ்சம் எச்சரிக்கையாக இருங்கள்.

13. "இது நாட்டு விதையா, அயல் விதையா?" என்று சண்டை போடாதீர்கள். கடல் கடந்து வந்த பயிர்தான். மிளகாயும் தக்காளியும் அப்படித்தான் வந்தன. எடுத்து வைத்த விதை அடுத்த பட்டத்தில் தாயைப்போல முளைக்கிறதா என்பதே எனக்குக் கேள்வி.

14. விதை கேட்டு வருகிறவரை வெறுங்கையோடு அனுப்பாதீர்கள். ஆனால் பார்க்க அழகாக இருக்கிறதே என்று ஒற்றைக் கதிரை எடுத்து நீட்டாதீர்கள். அது அவர் வீட்டில் மூன்றாம் பட்டம் தாண்டாது. பல கதிர்களிலிருந்து எடுத்துக் கலந்த இருநூறு விதையாகக் கொடுங்கள். கொடுக்கும்போதே, நூறு செடிக்கு இடமில்லாவிட்டால் பக்கத்து வீட்டாரையும் சேர்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். உங்கள் விதை எலிக்கோ மழைக்கோ பறிபோகும் ஆண்டில் அவரிடம்தான் போய்க் கேட்கப் போகிறீர்கள்.